ஒரு கயிற்றுக்கு எத்தனை காலடி

செப்டம்பர் 6

சின்னவனுக்கு,

கழுதைக்காரர் நாளைக் காலையில் மேலே கிளம்புகிறார். அவரிடம் மண்ணெண்ணெய், தீப்பெட்டிக் கட்டு, இரண்டு கம்பளி, உன் அண்ணனின் பூட்ஸ் எல்லாம் கொடுத்துவிட்டிருக்கிறேன். பூட்ஸ் இரண்டு வருஷமாகக் கதவுக்குப் பின்னால் கிடக்கிறது. கதவைத் திறக்கும்போதெல்லாம் இடிக்கிறது. யார் காலுக்காவது உதவட்டும்.

நீ கேட்கமாட்டாய், நானே சொல்கிறேன். அந்த டீச்சர் பிழைத்துவிட்டார். வலது காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். இடுப்பெலும்பில் விரிசல். அறுபத்தோரு வயதில், தனியாக, இரண்டு நாள் குளிரில் பள்ளத்துக்குள் கிடந்தவர் இந்த மட்டோடு தப்பியதே பெரிய காரியம் என்கிறார் டாக்டர். பெரிய காரியம்தான். ஆனால் அவர் பையில் இருந்தது நம் பாதைப் புத்தகம். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக்கு ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தார்.

அந்தப் பக்கம் உனக்கு நினைவிருக்கும். நீ காவல் இருக்கிற சங்கக் குடிலுக்குப் பக்கத்தில் இருக்கிற ஆறாவது தபால் சாவடியிலிருந்து முகட்டுப் பாதையில் 2,400 மீட்டர் போனதும் இடப்பக்கம் ஒரு இறக்கம், அது ஏழாவது சாவடிக்குப் போகும் என்று போட்டிருக்கிறோம். டீச்சர் அப்படியே போய் அப்படியே இறங்கியிருக்கிறார். அங்கே சாவடியும் இல்லை, பாதையும் இல்லை, பாதாளம்தான் இருந்தது.

மலைநடைச் சங்கத் தலைவரே வீட்டுக்கு வந்தார். "யானைக்கும் அடி சறுக்கும்மா" என்றார். உன் அண்ணன் நடந்து எண்ணியதில் தப்பு, இல்லாவிட்டால் நான் கணக்குப் போட்டதில் தப்பு என்பது அவர் கட்சி. என் கணக்கைப் பதினோரு தடவை போட்டுப் பார்த்துவிட்டேன். கடைசி நோட்டில் 3,200 காலடி என்று இருக்கிறது. அவருடைய ஒரு காலடி எழுபத்தைந்து சென்டிமீட்டர். இருபத்திரண்டு வருஷமாக எல்லா நோட்டையும் அப்படி மாற்றித்தான் டைப் அடித்தேன். பன்னிரண்டாவது தடவை போட்டாலும் 2,400 தான் வரும்.

அக்டோபர் 20 சங்கக் கூட்டம். அதற்குள் விளக்கம் சொல்லவில்லை என்றால் புத்தகத்தைக் கடைகளிலிருந்து திரும்ப எடுத்துவிடுவார்கள். இவருடைய அளவுகளை நம்பவேண்டாம் என்று மலையடிவாரத்தில் பலகையும் வைப்பார்களாம். தபால் பையைத் தூக்கிக்கொண்டு மலை தாண்டி ஓடியவர்களின் பாதை எவருக்கும் ஞாபகமில்லாமல் மண்மூடிக் கிடந்தது. அதைக் கல் கல்லாகத் தேடி எடுத்தவருக்கு அந்தப் பலகைதான் மிச்சமாகும்.

பனி விழுவதற்குள் கயிறு பிடித்து அந்தத் தூரத்தை அளந்து எழுது. வேறு எதுவும் உன்னிடம் நான் கேட்கவில்லை.

அண்ணி


செப்டம்பர் 13

அண்ணிக்கு வணக்கம்.

சாமான் வந்து சேர்ந்தது. கழுதை ஓடையில் உட்கார்ந்துவிட்டதாம், தீப்பெட்டி பாதி நனைந்துவிட்டது. வெயில் வரட்டும் என்று ஜன்னல் விளிம்பில் பரப்பி வைத்திருக்கிறேன். வெயில் வருகிற மாதிரி தெரியவில்லை.

பூட்ஸ் எனக்கு இரண்டு சைஸ் பெரிசு. இரண்டு ஜோடி காலுறை போட்டேன், முன்னால் காகிதமும் அடைத்தேன். நான் ஒரு பக்கம் போனால் அது ஒரு பக்கம் போகிறது. அண்ணன் தோளுக்கே நான் எட்டினதில்லை, கால் மட்டும் எப்படி எட்டும். ஆணியில் மாட்டிவிட்டேன்.

கூரைத் தகரம் மேற்குப் பக்கம் பிய்ந்துகொண்டு நிற்கிறது. மேலே கல் வைத்திருக்கிறேன். இந்தப் பருவத்தில் இதுவரை நாற்பத்து மூன்று பேர் வந்து போனார்கள். போன வருஷத்தைவிடக் குறைவு. நல்லதுதான், எனக்கும் முன்னைப்போல் முடியவில்லை.

டீச்சர் பெயரை வருகைப் பதிவில் பார்த்தேன். அழகான கையெழுத்து. பனிமூட்டத்தில் முகட்டுப் பாதையில் நடக்கக்கூடாது என்று புத்தகத்திலேயே போட்டிருக்கிறதே அண்ணி. அதைச் சங்கத்தில் சொன்னீர்களா?

அளக்கிற வேலை இந்த வாரம் நடக்கவில்லை. முட்டி வலி, மூட்டம். அடுத்த வாரம் பார்க்கலாம். ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். புத்தகத்தைத் திரும்ப எடுத்தால் எடுத்துக்கொள்ளட்டுமே. அலமாரியில் இருக்கிற புத்தகம் யாரையும் வழி தவறவிடாது. அண்ணன் இருந்திருந்தாலும் பெரிதாக எடுத்துக்கொள்ளமாட்டார்.

டீச்சர் நடக்க ஆரம்பித்துவிட்டாரா?

சின்னவன்


செப்டம்பர் 17

சின்னவனுக்கு,

அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளமாட்டார் என்று எனக்கே நீ சொல்கிறாய். மழைக்காலம் முழுவதும் அடுக்களை மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, ஒரு ஐந்து மீட்டருக்காக ராத்திரிச் சாப்பாட்டை ஆறவிட்டவர் அவர். ஓட்டக்காரர்களின் பழைய பதிவேட்டைப் பிற்சேர்க்கையாகப் போட்டோமே, நினைவிருக்கிறதா? ஒவ்வொரு கைநாட்டுக்குப் பக்கத்திலும் 29, 33, 31 என்று ஏதோ ஒரு எண். முதல் பக்கத்தில் ஒரு கயிற்றுப் படம். வயதா, வீட்டு எண்ணா என்று இரண்டு பேரும் மண்டையை உடைத்துக்கொண்டோம். கடைசியில் "பொருள் தெரியவில்லை" என்றே அச்சடிக்கச் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்று போட்டவர், நடந்த தூரத்தைத் தப்பாகப் போடுவாரா?

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். மூன்று பேர் படுக்கிற அறை, ஜன்னலுக்கு வெளியே துணி துவைக்கிற இடம். டீச்சர் முப்பது வருஷம் பூகோளம் நடத்தியவர். என்னை யாரென்று சொன்னதும் முகம் சுளிக்கவில்லை, அதுவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. கிளம்பும்போது மூட்டம் இல்லையாம், பாதி வழியில்தான் இறங்கியதாம். நூறு காலடிக்கு ஒரு கூழாங்கல்லை இந்தப் பையிலிருந்து அந்தப் பைக்கு மாற்றிக்கொண்டே போனாராம். தன் காலடியை வீட்டு வாசலில் அளந்து வைத்துக்கொண்டுதான் கிளம்பினாராம். கணக்கில் அந்த அம்மாள் தப்புச் செய்யவில்லை, இது நிச்சயம்.

இன்னொன்றும் சொன்னார். புத்தகத்தில் சொன்ன தூரத்துக்கு வெகு முன்பே ஆள் உயரத்துக்கு ஒரு கல்குவியலைப் பார்த்தாராம். நின்றாராம். இங்கே ஏதோ இருக்கிறது என்று தோன்றியதாம். ஆனால் புத்தகத்தில் கல்குவியல் பற்றி எதுவும் இல்லை, தூரமும் வரவில்லை, அதனால் தாண்டிப் போய்விட்டார். உன் அண்ணன் நோட்டில் அப்படி ஒரு குவியல் கிடையாது. அதை யார் அடுக்கினது?

உன் முட்டி வலியை நான் நம்பவில்லை. அடக்கம் முடிந்த அன்றைக்கே ஒரு வாய் சாப்பிடாமல் மலையேறினவன் நீ. இரண்டு வருஷமாகக் கிணற்றில் போட்ட கல்லாக இருக்கிறாய். நான் என்ன குறை வைத்தேன் என்று யோசித்து யோசித்து அலுத்துப்போனேன்.

கேட்கப் பயமாக இருப்பதை இப்போது கேட்டுவிடுகிறேன். கடைசி மூன்று கோடைகளும் அவர் உன்னோடுதான் இருந்தார். அவருக்கு நினைவு தப்ப ஆரம்பித்திருந்ததா? எண்ணிக்கை மறந்துபோகிறவராகி, அதை நான் கவனிக்காமல் இருந்துவிட்டேனா? பலகை வைத்தால்கூடத் தாங்கிக்கொள்வேன். பக்கத்தில் இருந்தும் தெரியாமல் போனேன் என்றால் அதைத் தாங்க எனக்குத் தெம்பில்லை.

அளந்து எழுது.

அண்ணி


செப்டம்பர் 27

அண்ணிக்கு,

அளந்துவிட்டேன். இருபது மீட்டர் கயிறு. கழுதைக்காரர் ஒரு முனை, நான் ஒரு முனை. போகும்போது தொண்ணூற்றாறு கயிறு, வரும்போதும் தொண்ணூற்றாறு. நிஜமான இறக்கம்வரை 1,920 மீட்டர்.

அண்ணனுக்கு நினைவு தப்பவில்லை. கடைசி நாள்வரை என்னைவிடத் தெளிவாக இருந்தார். அதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளவேண்டாம்.

சங்கத்துக்கு இப்படி எழுதுங்கள். மேலேயிருந்து நோட்டைக் கொண்டுவரும்போது தம்பிதான் அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்தான், அவன் எண்ணைத் தப்பாக எழுதிவிட்டான் என்று எழுதுங்கள். நான் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். அத்தோடு முடியும்.

தகரம் காற்றில் போய்விட்டது. தார்ப்பாய் கட்டியிருக்கிறேன்.

சின்னவன்


அக்டோபர் 1

சின்னவனுக்கு,

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவன் கொஞ்சம் பெரிய தட்டாகவாவது எடுக்கவேண்டும். அந்தப் பக்கம் அவர் கையெழுத்து. என்னிடம் இருக்கிறது. உன் கோழிக்கிறுக்கல் எனக்குத் தெரியாதா?

உன் கடிதம் வந்ததும் 1,920-ஐ 3,200-ஆல் வகுத்தேன். அறுபது சென்டிமீட்டர். மீதி இல்லாமல் வருகிறது. எண்ணிக்கை மறக்கிறவன் ஒரு நாள் கூட்டி எண்ணுவான், ஒரு நாள் குறைத்து எண்ணுவான். இது அப்படி இல்லை.

அப்புறம் ஒரு காரியம் செய்தேன். இதை உன்னிடம் சொல்ல எனக்குக் கூசுகிறது. அதே நோட்டில் குடிலிலிருந்து நீரூற்றுவரை 800 காலடி என்று இருக்கிறது. நான் 600 மீட்டர் என்று போட்டேன். சங்கத்துக்காரர்கள் அந்தத் துண்டை மட்டும் முன்பே சங்கிலி போட்டு அளந்திருந்தார்கள். 480 என்றார்கள். அச்சுக்குப் போகும் முன் அந்த 480 என் மேஜைமேல் இருந்தது. சிவப்புப் பேனாவால் அதை அடித்துவிட்டு, "இவர்களுக்கு அளக்கத் தெரியாது" என்று ஓரத்தில் எழுதினேன். என் கையெழுத்தேதான். 480-ஐ 800-ஆல் வகுத்தாலும் அறுபது வருகிறது. அன்றைக்கு அதை வகுத்துப் பார்த்திருந்தால் அந்த அம்மாளுக்கு இன்றைக்குப் பத்து விரலும் இருந்திருக்கும்.

அறுபது சென்டிமீட்டர் யாருடைய கால்? நீ எங்களோடு இருந்து படித்த நாலு வருஷமும் உனக்குக் கால்சட்டை மடித்துத் தைத்தவள் நான். நெட்டையான அவரோடு கடைக்குப் போகும்போது நீ பாதி ஓட்டமாகப் போவாய். அவருடைய பூட்ஸ் உனக்கு இரண்டு சைஸ் பெரிசு என்று நீயே எழுதியிருக்கிறாய்.

அந்த முகட்டை அவர் நடக்கவில்லை. நீ நடந்தாய்.

எப்போதிருந்து? என்னிடம் ஏன் சொல்லவில்லை? இதற்குமேல் எனக்குப் பொய் எழுதாதே. படித்துப் படித்துக் களைத்துவிட்டேன்.

அண்ணி


அக்டோபர் 9

அண்ணி,

இதை நாலு தடவை எழுதி நாலையும் அடுப்பில் போட்டேன். இது ஐந்தாவது. இதற்குமேல் காகிதம் இல்லை, அதனால் இது வந்துசேரும்.

அண்ணன் கடைசி மூன்று கோடையும் குடிலைத் தாண்டவில்லை. முதல் வருஷம் இங்கே ஏறி வருவதற்கே மூன்று நாள் எடுத்தார், வழியில் இரண்டு இடத்தில் தங்கி. வந்ததும் சட்டையைத் திறந்து உட்கார்ந்தார், உதடு நீலமாக இருந்தது. டாக்டர் முன்பே சொல்லிவிட்டாராம், நெஞ்சு தாங்காது, மேடே ஏறக்கூடாது என்று. உங்களிடம் சொல்லாமல் வந்திருக்கிறார். உடனே இறங்கலாம் என்று நான் சண்டை போட்டேன். அவர் சொன்னார்: "வீட்ல இருந்தா அவ என்னை நோயாளியா பாப்பா. இங்க இருந்தா நடக்கறவனா நினைச்சுக்குவா. இருந்துட்டுப் போறேன்டா."

நான் என்ன செய்ய?

மேற்கு ஜன்னல் பக்கம் கட்டிலை இழுத்துப் போட்டேன். காலையில் நான் கிளம்புவேன், நான் முகட்டில் மறைகிறவரை அவர் பார்த்துக்கொண்டே இருப்பார். சாயங்காலம் வந்ததும் எத்தனை காலடி, எந்தப் பக்கம் கல், எங்கே தண்ணீர் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். கேட்டு நோட்டில் எழுதுவார். நடந்தேன், பார்த்தேன், இறங்கினேன் என்று எழுதுவார். நான் சிரிப்பேன். அவரும் சிரிப்பார். ஏழாவது சாவடியின் சுவரை நான் கண்டுபிடித்த அன்றைக்கு அந்த மனுஷன் கட்டிலில் உட்கார்ந்தபடியே அழுதார். புத்தகத்தில் அவர் பெயர் வந்ததில் எனக்கு ஒரு துளி வருத்தம் கிடையாது. அது அவருடையதுதான். எங்கே தேடவேண்டும் என்று சொன்னதெல்லாம் அவர்.

கடைசி வாரம் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தவர் திடீரென்று என்னைக் கூப்பிட்டார். குடிலில் இருக்கிற அந்த இருபது மீட்டர் கயிற்றை வாசலில் நீளமாகப் போட்டு நடக்கச் சொன்னார். முப்பத்து மூன்று காலடி வந்தது. "எனக்கு இருபத்தேழு வரும்" என்றார். கைநாட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற எண் அதுதானாம். ஒரு கயிற்றுத் தூரத்துக்கு அந்த ஆளுக்கு எத்தனை காலடி என்று. ஒவ்வொருத்தன் கால் ஒவ்வொரு மாதிரி, அதனால் பெயரோடு எண்ணையும் எழுதியிருக்கிறார்கள். சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷப்பட்டார். அப்புறம்தான் முகம் மாறியது. நோட்டில் இருக்கிறது என் காலடி, நீங்கள் பெருக்கப்போவது அவர் காலடியை வைத்து. "கீழ போய் அவகிட்ட நானே எல்லாத்தையும் சொல்லிடறேன். நான் சொல்லலைன்னா நீ சொல்லு. முப்பத்து மூணுன்னு சொன்னா போதும், அவ புரிஞ்சுக்குவா."

கழுதைமேல் உட்கார்த்தி இறக்கினோம். கீழே வந்து ஆறாம் நாள் போய்விட்டார். சொல்ல நேரம் இல்லையோ, மனசு வரவில்லையோ, தெரியாது.

அடக்கத்தன்று உங்களிடம் சொல்லிவிடத்தான் வந்தேன். நீங்கள் வாசலில் நின்று வந்தவர்கள் எல்லோரிடமும் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தீர்கள். இந்த நெஞ்சை வைத்துக்கொண்டு மூன்று வருஷம் அந்த முகட்டை நடந்து முடித்தார் என்று. அழாமல் சொன்னீர்கள். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் நின்றீர்கள். அதைத் தட்டிவிட என்னால் முடியவில்லை. திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி வாயை மூடிக்கொண்டு மலையேறிவிட்டேன். எழுதலாம் என்று பார்த்தேன், தள்ளிப்போட்டேன். அடுத்த வருஷம் புத்தகம் வந்துவிட்டது.

கல்குவியலை அடுக்கினது நான். தொண்ணூற்றாறாவது கயிற்றில். அது போதாது என்று எனக்கே தெரியும். அதனால் இரண்டு பருவமாகப் புத்தகத்தோடு வருகிற ஒவ்வொருவரையும் நானே கூட்டிக்கொண்டுபோய் அந்தத் திருப்பத்தில் இறக்கிவிட்டுத் திரும்புவேன். ஒரு நாள் மூன்று தடவைகூடப் போயிருக்கிறேன். அன்றைக்குத் தண்ணீர்க் குழாயில் அடைப்பு. ஓடைக்கு இறங்கியிருந்தேன். வந்து பார்த்தால் பதிவில் டீச்சர் பெயர். கிளம்பி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. திருப்பத்துக்கு ஓடினேன், இருட்டும்வரை விசில் ஊதினேன். அவர் அதற்குள் தாண்டியிருக்கிறார். மறுநாள் 2,400 மீட்டர்வரை போயும் தேடினேன், மூட்டத்தில் பள்ளத்தின் தப்பான பக்கத்தில் தேடினேன். கழுதைக்காரர்தான் கண்டுபிடித்தார்.

ஒரு எண்ணைச் சொல்லியிருந்தால் போதும். அதைச் சொல்லாமல் இரண்டு வருஷம் நடந்தேன்.

இதைச் சங்கத்துக்கு அப்படியே கொடுத்துவிடுங்கள். குடிலைவிட்டுப் போகச் சொன்னாலும் போகிறேன்.

சின்னவன்


அக்டோபர் 14

சின்னவனுக்கு,

உன் கடிதத்தை உட்கார்ந்து படித்தேன், நின்று படித்தேன், அப்புறம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் டீச்சருக்குப் படித்துக் காட்டினேன். உன்னைக் கேட்காமல் செய்தேன். அந்த அம்மாளுக்குச் சேரவேண்டியது அது.

சங்கத்துக்கும் எழுதிவிட்டேன், இரண்டு கடிதமாக. ஒன்றில் உன்னுடையது. இன்னொன்றில் நான் சிவப்புப் பேனாவால் அடித்த 480. பழைய புத்தகத்தை அவர்கள் எடுத்துவிடட்டும், நானே எடுக்கச் சொல்லியிருக்கிறேன். புதிதாக அச்சடிக்க விட்டால் அதில் முதல் பக்கம் இப்படி இருக்கும். ஆறாவது சாவடிவரை நடந்தவர் மூத்தவர், இருபத்தேழு. அதற்குமேல் நடந்தவர் இளையவர், முப்பத்து மூன்று. பிற்சேர்க்கையில் "பொருள் தெரியவில்லை" என்பதை எடுத்துவிட்டேன். அச்சடிக்க விடவில்லை என்றால் இதெல்லாம் என் டைப் பிரதியில் மட்டும் இருக்கும்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. டீச்சரும் மன்னிக்கவில்லை. கேட்டு முடித்ததும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் போகலாம் என்று எழுந்தபோது, "அந்தக் கல்லை அடுக்கினவரை வரச் சொல்லுங்க" என்றார். எதற்கு என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நீ வந்துதான் ஆகவேண்டும்.

அவர்மேல் எனக்கு இருக்கிற கோபத்தை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று தெரியவில்லை. அவரை நான் நோயாளியாகப் பார்த்திருப்பேன். ஆமாம், பார்த்திருப்பேன். கஞ்சி வைத்துக் கொடுத்து, மாத்திரையை எண்ணிக் கொடுத்து, சண்டை போட்டு, மூன்று கோடை கூடவே இருந்திருப்பேன். அந்த மூன்று கோடையை எனக்குத் தராமல் ஒரு ஜன்னலுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை, பாதையை யார் நடந்தால் எனக்கென்ன.

அந்த ஜன்னலை நான் பார்க்கவேண்டும். இத்தனை வருஷத்தில் நான் மலையடிவாரப் பாலத்தைத் தாண்டியதில்லை. யாராவது கீழே இருந்து டைப் அடிக்கவேண்டுமே. இருபதாம் தேதிக் கூட்டம் முடிந்து மறுநாள் கிளம்புகிறேன். கழுதைமேல் ஏறமாட்டேன். இரண்டு நாள் ஆனாலும் நடந்தே வருவேன், திரும்பும்போது உன்னைக் கூட்டிக்கொண்டு இறங்குவேன். கட்டிலை இருந்த இடத்திலேயே போட்டு வை. பூட்ஸ் ஆணியிலேயே இருக்கட்டும்.

நேற்று ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் துணி உலர்த்துகிற கயிற்றை இருபது மீட்டர் அளந்து போட்டேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தேன். நர்சுகள் சிரித்தார்கள். அறைக் கதவைத் திறந்து வைக்கச் சொல்லி, படுத்தபடியே டீச்சர்தான் எண்ணினார். முப்பத்தெட்டு.

பாலத்திலிருந்து உன் குடில்வரை எத்தனை கயிறு என்று கழுதைக்காரரிடம் எழுதிக் கொடுத்துவிடு. முப்பத்தெட்டால் நானே பெருக்கிக்கொள்கிறேன்.

அண்ணி